குழி மூடிக்கு ஒரு பொட்டு

செப்டம்பர் 29, ஞாயிறு
காலை 134/86. மாலை 138/88.

தினமும் இரண்டு வேளை பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு எண்ணுக்கு ஒரு முழுப் பக்கத்தை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. பம்பு சோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் கட்டம் போட்டு எழுதிய கை இது. மீதியிடத்தில் அன்றன்று நடந்ததை எழுதப்போகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

இன்று கொத்தமல்லி வாங்க மறந்தேன். கோயில் வாசல்வரை போய்விட்டு, காஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும், ஆனாலும் வருவேன்.

மகன் நவநீதன் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போய்விட்டான். போன வருடம் இதே நாளில் அவன் அறைக்கதவைத் தட்டித் தட்டி என் விரல் முட்டி வலித்தது. வேலை போன பிறகு பதினான்கு மாதம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தான். தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவேன், பாதி சாப்பிட்டு வெளியே தள்ளுவான். அவன் அப்பா இருந்திருந்தால் கதவை உடைத்திருப்பார். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஜனவரியில் சென்னியப்பன் பட்டறையில் சேர்ந்தான். அதற்கப்புறம் குளித்தான், முடி வெட்டினான், ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தான். சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

சென்னியப்பன் கண்டுபிடித்ததற்குக் கனலி என்று பெயர். பார்த்தால் எவர்சில்வர் தவலைதான். ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் நாலு பங்கு சூடு தரும் என்கிறார். உள்ளே ஏதோ உலோகத் தூள். என்ன தூள் என்று மட்டும் சொல்ல மாட்டார். குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம் சில்லென்று போய் மறுபக்கம் ஆவி பறக்க வரும். மார்ச்சில் நான்தான் சோதித்தேன். என் வாட்மீட்டர், என் தெர்மாமீட்டர். தண்ணீரின் அளவை எடுப்பதில் கோயம்புத்தூரிலேயே யாரும் என்னை ஏமாற்ற முடியாது. நாலு பங்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்த ரிப்போர்ட்டைத்தான் ஊரெல்லாம் காட்டுகிறார்கள். வரும் 25ஆம் தேதி இரண்டாவது சோதனை. திருப்பூரிலிருந்து சாயப்பட்டறைக்காரர்கள் ஆறு பேர் வருகிறார்கள். நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டால், விறகு பாய்லரைக் கழற்றிவிட்டுக் கனலி வைப்பார்களாம்.

அக்டோபர் 3, வியாழன்
காலை 140/88. மாலை 144/90.

பேப்பரில் கனலியைப் பற்றிக் கட்டுரை. மெஹருன்னிசா என்ற இயற்பியல் பேராசிரியை எழுதியிருக்கிறார். இயற்கையில் இப்படி நடக்க வழியில்லை, எங்கேயோ அளவு தவறியிருக்கிறது, அல்லது யாரோ தவறவைத்திருக்கிறார்கள் என்கிறார். என் பெயரும் வந்திருக்கிறது. ‘ஓய்வு பெற்ற அனுபவசாலி’யாம். திட்டுவதற்கு முன் எல்லாரும் இப்படித்தான் ஒரு மாலை போடுவார்கள்.

நவநீதன் இட்லியைப் பிய்க்காமலே உட்கார்ந்திருந்தான்.

“பதினோரு பேர் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்கம்மா. ஏமாத்து வேலைன்னா ஒருத்தர் கண்ணுலயாச்சும் பட்டிருக்காதா?”

“அதானே கண்ணு” என்றேன்.

அவன் போன பிறகு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. எங்கள் கூடத்தில் ஒரு பிரஷர் கேஜ் நாலு மாதம் தப்பாகக் காட்டியது. ஐந்து பேர் மாறி மாறிச் சோதித்தோம். ஐந்து பேரும் பார்த்தது அதே கேஜைத்தான். பதினோரு பேர் ஒரே இடத்தைப் பார்த்தால் அது ஒரு தடவை பார்த்த கணக்குத்தான். இதை அவனிடம் சொல்லவில்லை. இட்லியாவது சாப்பிடட்டும்.

அக்டோபர் 7, திங்கள்
காலை 142/90. மாலை பார்க்கவில்லை.

பேராசிரியை போன் செய்தார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, அதுவே எரிச்சலாக இருந்தது.

“நீங்க அளந்ததுல எனக்குச் சந்தேகமே இல்ல மேடம். நீங்க அளக்காதது எது எதுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்களேன்.”

“எதையும் விடலீங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் பார்த்தேனா? பார்த்தேன். சுவருக்குப் பின்னால்? பார்த்தேன். தண்ணீர் வரும் இரும்புக் குழாய்? அதில் தண்ணீர்தான் வருகிறது. எர்த்?

எர்த்தை யார் அளப்பார்கள்? பச்சை நிறக் கம்பி. மிஷினில் எங்காவது மின்சாரம் கசிந்தால், ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் போகட்டும் என்று போட்டு வைப்பது. இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நான் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். நவநீதனைச் சின்ன வயதில் பள்ளி லீவில் கூடத்துக்குக் கூட்டிப்போவேன். “அது சும்மா இருக்கற கம்பி கண்ணு, தொட்டுப் பாத்தாப் போதும்” என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மார்ச் ரிப்போர்ட்டில் அந்தக் கம்பியைப் பாராட்டி வேறு எழுதியிருக்கிறேன். ‘எர்த் கம்பி தேவைக்கு மேல் தடிமனாக உள்ளது. பாதுகாப்பில் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது.’

அக்டோபர் 9, புதன்
146/92. உப்பைக் குறைத்தாகிவிட்டது. இனி எதைக் குறைப்பது?

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை
காலை 138/86.

வீட்டுப் பூஜை காலையிலேயே முடிந்தது. மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், நவநீதனின் வண்டி, என் வாட்மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். போர்வெல் மோட்டார் மட்டும் முந்நூறு அடிக்குக் கீழே கிடக்கிறது, அதற்கு எப்படிப் பொட்டு வைப்பது என்று எட்டு வயதில் நவநீதன் கேட்டான். மேலே மூடிக்கு வைத்துவிடு, கீழே இருப்பதற்குப் போய்ச் சேரும் என்றேன். அன்றிலிருந்து வருடா வருடம் மூடிக்குச் சந்தனப் பட்டை போட்டுப் பொட்டு வைப்பது அவன் வேலைதான். அறைக்குள் கிடந்த வருடம் மட்டும் நான் வைத்தேன். இந்த வருடம் அவனே வைத்தான். இடது கைப் பெருவிரலால்தான் அழுத்துவான், பொட்டு வலப்பக்கம் சாய்ந்துகொள்ளும். மூடியின் வளையத்தில் ஒரு செவ்வந்தியைச் செருகினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நாலு மணிக்குப் பட்டறைப் பூஜைக்குப் போனேன். சென்னியப்பன் வெள்ளை வேட்டியில் தட்டோடு நின்றிருந்தார். “வாங்கம்மணி, உங்க கையால ஒரு பொட்டு வையுங்க” என்றார். லேத்துக்கு வைத்தேன், டிரில்லிங் மிஷினுக்கு வைத்தேன். கனலிக்கு வைக்கப் போனபோது, “அதுக்கு வேண்டாமுங்க, சூட்டுல உரிஞ்சு போயிரும்” என்று ஒரு பூவை மட்டும் மேலே போட்டார். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல். சுண்டலில் தேங்காய் தாராளம்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். பச்சைக் கம்பி மண்ணுக்குள் இறங்கும் எர்த் குழியின் சிமெண்ட் மூடிக்கும் பட்டை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். வளையத்தில் செவ்வந்தி. எர்த் குழிக்குப் பூஜை போட்ட பட்டறையை இப்போதுதான் பார்க்கிறேன். உள்ளே கொஞ்சம் கரியும் உப்பும் ஒரு இரும்புக் குழாயும்தான் இருக்கும். சிரிப்புத்தான் வந்தது.

மாலை 152/94. சுண்டலில் உப்பு ஜாஸ்தி.

அக்டோபர் 12, சனி
150/94.

எர்த் குழிக்குப் பொட்டு வைத்தால் என்ன தப்பு? ஒன்றுமில்லை. பக்தி இருக்கிறவர்கள் எதற்கும் வைப்பார்கள்.

பூஜையன்று கனலி ஓடவில்லை. ஆறிப்போய்த்தான் இருந்தது. பின்னே எந்தச் சூட்டில் உரியும்?

அக்டோபர் 14, திங்கள்
148/92.

மார்ச் மாத ரஃப் நோட்டைத் தேடினேன். பழைய புடவைகளுக்கு அடியில் கிடைத்தது. திறக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். ஜன்னல் துடைத்தேன். கருவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன்.

அக்டோபர் 17, வியாழன்
காலை 150/94. மாலை 156/96.

மீட்டர் வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பட்டறைக்குப் போனேன். நவநீதன் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். சென்னியப்பன் காப்பி வாங்கித் தந்தார். அந்த மனிதரை எனக்கு எப்போதும் பிடிக்கும். அதிர்ந்து பேச மாட்டார். போட்டோ எடுக்க வந்தவர்களை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. ஏமாற்றுக்காரன் என்றால் மோதிரமும் கூலிங் கிளாசுமாக இருப்பான் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

“ஏனுங்க, எர்த் குழிக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கீங்க?” என்றேன் விளையாட்டாக.

“பொட்டா?” அவருக்கு விளங்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனார், நானும் போனேன். பூ வாடியிருந்தது, பொட்டு அப்படியே இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. செருப்புக் காலால் அதை மறைக்கிற மாதிரி நின்றார்.

“நான் வெக்கலீங்க அம்மணி.”

“பின்ன யாரு?”

அவர் மூடியை விட்டு நகரவில்லை. “இருவத்தஞ்சாந் தேதி மார்ச்சுல அளந்தாப்பலயே அளந்துட்டீங்கன்னாப் போதுமுங்க. தம்பிக்கும் அதுதானுங்க நல்லது” என்றார்.

தம்பி என்று நவநீதனைத்தான் சொன்னார். அவனை எதற்கு இதில் இழுக்கிறார்? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு
154/96.

மழை இல்லாததால் வீட்டுப் போர்வெல் மூடியில் பொட்டு இன்னும் அழியவில்லை. வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

அங்கே இருந்ததும் வலப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அக்டோபர் 23, புதன்
காலை 152/96. மாலை 160/98.

பீரோவிலிருந்து கிளாம்ப் மீட்டரை எடுத்துத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். இடுக்கி மாதிரி வாய் இருக்கும். கம்பியை அந்த வாய்க்குள் விட்டால் போதும், உள்ளே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லிவிடும். கம்பியை வெட்ட வேண்டாம், பிரிக்க வேண்டாம், எந்தக் கம்பிக்கும் மாட்டலாம்.

நவநீதன் ஏழு மணிக்கு வந்தான். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன் அதையே பார்த்தான்.

“இது எதுக்கும்மா?”

“அளக்கத்தான்.”

“மார்ச்சுல இத எடுத்துட்டு வரலியே.”

“மறந்துட்டேன் கண்ணு.”

ஒரு தோசைதான் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு அறைக்குள் போனான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்பது மாதமாகக் கேட்காத சத்தம்.

அக்டோபர் 24, வியாழன்
அளக்கப் பிடிக்கவில்லை.

அவன் வெளியே வரவில்லை. பட்டறைக்கும் போகவில்லை. தட்டைக் கதவோரம் வைத்தேன். பாதி மீதி வந்தது.

கதவில் நெற்றியை வைத்து, “நவநீ, எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு சாமி” என்றேன்.

கிளாம்ப் மீட்டரைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். அதை மாட்டாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சாயப்பட்டறைக்காரர்கள் ஏமாறுவார்கள், ஆனால் என் மகன் சாப்பிடுவான். இப்படி எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இன்று முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

காலையில் அவன் எனக்கு முன்னால் குளித்துக் கிளம்பிவிட்டான். காப்பி மட்டும் குடித்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்தரைக்கு ஆரம்பித்தோம். சாயப்பட்டறைக்காரர்கள் ஆறு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். சென்னியப்பன் ஓரமாகக் கைகட்டி நின்றார். நவநீதன்தான் வால்வைத் திறந்தான். வாட்மீட்டரை மாட்டினேன், தண்ணீர் அளவை எடுத்தேன், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைக் குறித்தேன். பதினொன்றரைக்கு வெந்நீர் ஆவியோடு கொட்டியது. ஒருவர் விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டு, “அடேயப்பா” என்றார். கணக்குப் போட்டேன். நாலு பங்கு. மார்ச்சில் வந்த அதே நாலு.

பை காலடியில்தான் இருந்தது. நான் குனியவில்லை. எழுதிவிடுகிறேன், இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது: நான் குனியவே இல்லை. பேனா மூடியைக் கழற்றி, ரிப்போர்ட்டின் அடியில் ‘வ’ என்று ஆரம்பித்தும்விட்டேன்.

“அம்மா.”

நவநீதன் கனலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

“பச்சையையும் அளங்கம்மா.”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சென்னியப்பன் மட்டும் தரையைப் பார்த்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவனே வந்து குனிந்து பையைத் திறந்து, கிளாம்ப் மீட்டரை எடுத்து என் கையில் வைத்தான். மாட்டினேன். இரண்டு தடவை வாய் நழுவியது. மூன்றாவது தடவை எண் நின்றது. அறுபத்தொன்று ஆம்பியர். சும்மா இருக்க வேண்டிய கம்பியில் அறுபத்தொன்று.

“அப்டீன்னா என்னங்க?” என்று கேட்டார் விரலைச் சுட்டுக்கொண்டவர்.

“சூடு இதுலருந்துதானுங்க வருது” என்றேன். “உள்ள தூளும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ஹீட்டர்.”

நவநீதன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பொட்டை யாரோ துடைத்திருந்தார்கள், மஞ்சள் கறை மட்டும் இருந்தது. மூடியை நெம்பினான். உள்ளே கரியும் இல்லை உப்பும் இல்லை. செங்கல் கட்டிய தொட்டியில் தண்ணீர்க்குடம் அளவு டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து மண்ணுக்கடியில் அதற்கு ஒரு கேபிள். கரண்ட் அதிலிருந்து பச்சைக் கம்பி வழியாகக் கனலிக்குப் போய், தண்ணீர் வரும் இரும்புக் குழாய் வழியாகத் திரும்புகிறது. ஆளை அடிக்காத குறைந்த வோல்டேஜ். சுத்தமான வேலை. கம்பியின் நுனியை முறுக்கியிருந்த விதத்தைப் பார்த்ததும் யார் முறுக்கியது என்று எனக்குத் தெரிந்தது. அப்படி முறுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருவர் சென்னியப்பனின் சட்டையைப் பிடித்தார், மற்றவர்கள் விலக்கினார்கள். அவர் தடுக்கவில்லை.

“மொதல்ல நெசமாவே வந்துச்சுங்க” என்றார். “ரெண்டு மடங்கு. எங்கண்ணால பாத்தேன். அப்பறம் வரலீங்க. நான் அளந்ததுதான் தப்பா, என்னன்னு புரியல. அதுக்குள்ள பேப்பர்ல போட்டுட்டாங்க, ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. மறுக்கா வர்ற வரைக்கும்னுதான் இதைச் செஞ்சமுங்க.”

சொல்லிவிட்டு நவநீதனிடம் திரும்பினார். கோபத்தில் அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்: “ஏந்தம்பி, இதுக்குப் போயி எதுக்குப் பொட்டு வெச்சே?”

நவநீதன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான்.

“உழைக்கறது இதுதானுங்களே. இத மட்டும் எப்படிங்க விடறது?”

அக்டோபர் 26, சனி
164/100.

மார்ச் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதி ஆறு பேருக்கும் பேப்பருக்கும் பேராசிரியைக்கும் அனுப்பினேன். அவர் போன் செய்தார். பாராட்டப் போகிறார் என்று பயந்தேன். “பையன் எப்படி இருக்காரு?” என்றுதான் கேட்டார். கதவு சாத்தியிருக்கிறது என்றேன்.

சாயந்திரம் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு அவன் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மார்ச் 14ஆம் தேதிப் பக்கத்தைப் பிரித்துக் கதவிடுக்கு வழியாக நோட்டை உள்ளே தள்ளினேன். அதில் ஒரு வரி எழுதி, நானே இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேன்: ‘எர்த் கம்பி வெதுவெதுப்பாக உள்ளது. ஏன்?’

அன்று வால்வுக்குப் பக்கத்தில் நின்று அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அதற்கு முன் ஒன்றரை வருடமாக அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பட்டறைக்குள் ஏது வெயில்?

“நீ ஏமாத்துனேன்னு நெனச்சுக்காதே கண்ணு” என்றேன் கதவைப் பார்த்து. “நான் ஏமாறணும்னு உக்காந்திருந்தேன். நேத்தும் அப்படித்தான். நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா முழுசாக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவன் அழுதது கேட்டது. நானும் அழுதேன். நடுவில் கதவு இருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம். சென்னியப்பனும் வந்திருந்தார். வயரிங் செய்தது தான்தான், பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொடுக்கப் போனார். நவநீதன் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொடுத்தான். அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குப் போய்விட்டான். தாழ்ப்பாள் சத்தம் வருகிறதா என்று அடுப்படியில் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி
பிரஷர் மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து இந்த வருடம் பலகாரம் வரவில்லை. பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்திருப்பார்கள். பட்டாசுச் சத்தத்தில் போர்வெல் மூடி மேல் பூனை ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அதை விரட்டவில்லை.

மத்தியானம் தட்டில் சோறு போட்டுக் கதவோரம் வைக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. நவநீதன் வெளியே வந்து, தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்தான். முகம் வீங்கியிருந்தது. ஒரு வாய் வைத்தான்.

“என்னம்மா, குழம்புல உப்பே இல்ல” என்றான்.